கர்ப்பூரி தாக்கூரும் ஆங்கிலத் தேர்ச்சி விதியும்

பீகாரின் சமஸ்திபூர் வட்டாரத்தில் நாவிதர் குடும்பத்தில் பிறந்த கர்ப்பூரி தாக்கூர், 1942ஆம் ஆண்டுப் போராட்டத்துக்காகக் கல்லூரியைத் துறந்து சிறை சென்றவர். விடுதலைக்குப் பின் தம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியரானார். 1952இல் சட்டமன்றம் புகுந்தார்.

ஆங்கில ஆதிக்கத்தை எதிர்த்த லோகியாவின் வழிவந்த அவர், 1967இல் துணை முதல்வராகவும் கல்வி அமைச்சராகவும் பொறுப்பேற்றார். மெட்ரிகுலேஷன் தேர்வில் ஆங்கிலத்தில் தேறியே ஆகவேண்டும் என்ற விதியை நீக்கினார். பிற பாடங்களில் தேறியும் ஆங்கிலத்தால் தடைபட்டு நின்ற சிற்றூர் மாணவ மாணவியர்க்குக் கல்லூரிக்கு வழி பிறந்தது. அவ்வாறு தேறியோரைக் ‘கர்ப்பூரி டிவிஷன்’ என எள்ளும் வழக்கும் உடன் எழுந்தது.

முதல்வராக இருந்தபோது, 1978இல், அரசுப் பணிகளில் 26 விழுக்காடு இடஒதுக்கீடு அளித்தார். அதில் 12 மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு உரியது. அடுத்த ஆண்டே அவர் ஆட்சி வீழ்ந்தது. 1988இல் மறைந்த அவருக்கு 2024இல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. பள்ளித் தேர்வில் ஆங்கிலத்தின் பிடி தளர்ந்தது. மருத்துவ, பொறியியல் வகுப்புகளில் அது அப்போது தளரவில்லை. முதல் வாயிலைக் கடந்த அம்மாணவர் அடுத்த வாயிலிலும் அதே மொழியையே எதிர்கொண்டனர். அதற்கு அவரைக் குறைசொல்வது எளிது; அவருக்குப் பின் ஆண்டோர் அவ்வாயில்களுக்கு என்ன செய்தனர் என்பதே கேட்கத்தக்கது.