தேனீயின் கண்ணும் நான் நடத்திய தவறான பாடமும்



நேற்று மாலை எங்கள் அம்பத்தூர் வீட்டு முருங்கைப் பூவில் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. பேத்தி கேட்டாள்: "தாத்தா, தேனீக்கு ஒரு பூ ஆயிரம் பூவாத் தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அப்படித்தான் நான் வகுப்பில் பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். கரும்பலகையில் வரிசை வரிசையாகப் பூ வரைந்தும் காட்டினேன். ஒருமுறை கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அப்ப எந்தப் பூவுல உட்காரணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் "உட்காருடா" என்று அதட்டிவிட்டேன்.

இந்தத் தவறு 300 வருடப் பழசு. 1690-களில் ஹாலந்து நாட்டு லீவன்ஹூக், பூச்சிக் கண்ணின் வெளிப்படலத்தை மட்டும் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியில் வைத்து அதன் வழியே மெழுகுவத்தியைப் பார்த்தார். நூற்றுக்கணக்கான சுடர்கள் தெரிந்தன. ஆனால் அவர் கையில் இருந்தவை லென்ஸ்கள் மட்டுமே. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் உணர்செல்கள் இல்லை.

1826-ல் ஜெர்மனியின் யோகன்னஸ் முல்லர் சரியான விளக்கம் தந்தார். ஒவ்வொரு சிறு கண்ணும் தன் நேர் எதிரே உள்ள சிறு பகுதியை மட்டும் ஒரு புள்ளியாக உணர்கிறது. எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து ஒரே படம். நம் வாசல் புள்ளிக்கோலம் மாதிரி. வேலைக்காரத் தேனீயின் ஒரு கண்ணில் சுமார் 5,000 புள்ளிகள். நம் பார்வையை விட மங்கல்தான். ஆனாலும் பூ ஒன்றுதான்.

மங்கலான கண்ணை வைத்துக்கொண்டு அது எப்படி வழி தவறாமல் பறக்கிறது? இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர், பெங்களூரில் மின்பொறியியல் படித்து ஆஸ்திரேலியா சென்ற எம்.வி. ஸ்ரீனிவாசன். ஆவடியிலிருந்து ரயிலில் வரும்போது கவனித்திருப்பீர்கள். பக்கத்துக் கம்பங்கள் விருட்டென்று ஓடும், தூரத்து மரங்கள் மெதுவாக நகரும். தேனீயும் அந்த ஓட்டத்தைத்தான் அளக்கிறது. இரண்டு கண்ணிலும் காட்சி ஒரே வேகத்தில் ஓடும்படி பார்த்துக்கொண்டால், சந்தின் நடுவிலேயே பறக்கலாம்.

2000-ல் அவர் குழு, சுவரெங்கும் கோலம் போட்ட சுமார் 6 மீட்டர் குறுகிய குழாய்க்குள் தேனீக்களைப் பறக்கவிட்டது. சுவர் மிக அருகில் இருந்ததால் காட்சி வேகமாக ஓடியது. கூட்டுக்குத் திரும்பிய தேனீக்கள் கிட்டத்தட்ட 200 மீட்டர் பறந்து வந்ததுபோல் நடனமாடின! பறக்கும் திசையிலேயே நீளக் கோடுகள் வரைந்தபோது காட்சி ஓட்டம் தெரியவில்லை. தூரக் கணக்கும் குறைந்துபோனது. 2006-ல் ஆஸ்திரேலியப் பிரதமரின் அறிவியல் விருது அவருக்குக் கிடைத்தது.

பேத்திக்குச் சரியானதைச் சொல்லிவிட்டேன். அந்தக் கடைசி பெஞ்சுப் பையனுக்குத்தான் பாக்கி. தம்பி, இதைப் படித்தால் ஒரு வரி எழுது. அன்று உன் கேள்விதான் சரி. என் பதில்தான் தப்பு.