கணினி உதவு வடிவமைப்புத் தரவுப் பரிமாற்றம்

கணினி உதவு வடிவமைப்புத் தரவுப் பரிமாற்றம் என்பது ஒரு வடிவமைப்பு மென்பொருளில் உருவாக்கப்பட்ட பொருளின் வடிவவியல் தரவை வேறொரு வடிவமைப்பு, பகுப்பாய்வு அல்லது உற்பத்தி மென்பொருளுக்கு மாற்றுதல் ஆகும். மாற்றிய கோப்பு பிழையின்றித் திறப்பதால் மட்டும் தரவு முழுமையாக வந்து சேர்ந்தது எனக் கொள்ள இயலாது.

== சிக்கல்கள் ==

* '''துல்லிய வேறுபாடு''': இரு பரப்புகள் சேரும் விளிம்பில் உள்ள 0.005 மி.மீ. இடைவெளியை ஒரு மென்பொருள் இணைப்பாகக் கருதலாம். மற்றொன்று பிளவாகக் கருதலாம். அப்போது திண்மம் ஒட்டாத பரப்புகளாகச் சிதறுகிறது. அதன் கனவளவைக் கணிக்க இயலாது. வெட்டுக்கருவியின் பாதையும் பிழையாகலாம்.
* '''வடிவமைப்பு நோக்கம்''': "துளை எப்போதும் தகட்டின் நடுவில் அமைய வேண்டும்" போன்ற விதிகள் பெரும்பாலும் மாற்றப்படுவதில்லை. துளை வந்து சேரும், விதி வராது. தகட்டின் நீளத்தை மாற்றினால் துளை பழைய இடத்திலேயே நிற்கும்.
* '''அளவலகு''': எசுடிஎல் கோப்பு வளைபரப்புகளைச் சிறு முக்கோணங்களாக மாற்றிச் சேமிக்கிறது, அளவலகைக் குறிப்பதில்லை. மில்லிமீட்டரில் வரைந்ததை அங்குலமாகப் படித்தால் பொருள் 25.4 மடங்கு பெரிதாகும்.

== நடுநிலைக் கோப்பு வடிவங்கள் ==

ஆறு மென்பொருள்களுக்கிடையே நேரடியாகத் தரவை மாற்ற 30 மாற்றிகள் தேவை. பொதுவான நடுநிலை வடிவம் ஒன்று இருந்தால் 12 போதும். இத்தேவையால் ஐக்கிய அமெரிக்காவில் 1980 இல் ஐசெசு வடிவம் வெளியானது. இதன் விதிகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் பொருள் கொண்டதால் பிழைகள் தொடர்ந்தன. 1994 இல் ஐஎசுஓ 10303 என்னும் பன்னாட்டுச் சீர்தரம் வெளியானது. இது சுடெப் எனப்படுகிறது. 2014 இல் வெளியான இதன் ஏபி242 பகுதி, அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாடுகள் போன்ற உற்பத்திக் குறிப்புகளையும் கணினி படித்தறியும் வகையில் கொண்டுசெல்கிறது.

== விளைவுகள் ==

தரவுப் பரிமாற்றக் குறைபாடுகளால் ஐக்கிய அமெரிக்கத் தானுந்துத் துறைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி டாலர் இழப்பு ஏற்படுவதாக 1999 இல் அந்நாட்டின் தேசிய சீர்தர, தொழில்நுட்ப நிறுவனம் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது.

ஏர்பசு ஏ380 வானூர்தி இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். அதில் சுமார் 530 கி.மீ. நீள மின்கம்பிகள் உள்ளன. செருமனியின் ஆம்பர்க்கு நகரப் பொறியாளர்கள் கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பையும், பிரான்சின் துலூசு நகரப் பொறியாளர்கள் ஐந்தாம் பதிப்பையும் பயன்படுத்தினர். இவ்விரு பதிப்புகளும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தவில்லை. துலூசில் வானூர்தியைப் பொருத்தியபோது கம்பித் தொகுதிகள் உரிய இடத்தில் பொருந்தாமை தெரியவந்தது. 2006 இல் தாமதங்கள் அறிவிக்கப்பட்டன. முதல் வானூர்தி 2007 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு வழங்கப்பட்டது.

== சரிபார்த்தல் ==

அனுப்புபவர் திண்மத்தின் கனவளவு, பரப்பளவு, திணிவு மையம் ஆகியவற்றைக் கோப்புடன் சேர்த்து அனுப்புவார். பெறுபவர் தம் மென்பொருளில் அவற்றை மீண்டும் கணித்து ஒப்பிடுவார். மதிப்புகள் வேறுபட்டால் வடிவம் மாறியுள்ளது என்பதை, உலோகத்தை வெட்டுவதற்கு முன்பே அறியலாம்.