பருவ ஆலைகளும் பஞ்சுத் தொழிலாளர் காப்பும்

புறநானூற்றின் 326-ஆம் பாட்டில், பருத்தி நூற்கும் பெண்ணொருத்தி இரவில் எழுந்து, தூசியும் செத்தையும் போகப் பஞ்சினைப் புடைக்கும் காட்சி வருகின்றது. அவளுக்கு ஒளி ஒரு சிறு விளக்கே. புலவர் கூற வந்த பொருள் வேறு. எனினும் பஞ்சுத் தொழிலின் பெருங்கேடுகளாகிய தூசியும் தீயும் அச்சிறு காட்சியில் ஒருங்கே அமைந்திருத்தல் கருதத்தக்கது.

கம்பம் பள்ளத்தாக்கின் வாயிலாகிய தேனி, மதுரை-போடிநாயக்கனூர் இருப்புப்பாதை 1928-இல் திறக்கப்பட்டபின் சந்தை நகராக வளர்ந்தது. பருத்தி வாணிகம், அதனையொட்டிய அரைவை, போடியில் இலவம்பஞ்சு, ஆண்டிபட்டியில் நெசவு என இத்தொழில் இங்குப் பல கிளைத்தது. அவற்றுள் அரைவையே (கொட்டை நீக்கிப் பஞ்சு பிரித்தல், வழக்கில் ஜின்னிங்) ஈண்டு ஆராயப்படுவது. சட்டம் நெடுங்காலம் காணாது விட்டது அதனைத்தான்.

1881-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம், நூறு பேருக்குக் குறையாதவர் பணிசெய்து, ஆண்டில் நான்கு திங்களேனும் எந்திர ஆற்றலால் இயங்கும் ஆலைகளையே தழுவிற்று. அரைவையோ அறுவடையை ஒட்டிய சின்னாள் தொழில். ஆகவே பல ஆலைகள் எளிதில் விலகி நின்றன. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் பருவ ஆலைகளையும் தன்னுள் கொணர்ந்தது. ஆயினும், வளர்ந்த ஆடவர்க்கு அது விதித்த பன்னிரண்டு மணி நேர வரம்பு நூல், நெசவு ஆலைகளுக்கே உரியதாயிற்று. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைக்கு நாளொன்றுக்குப் பத்து மணி, கிழமைக்கு 54 மணி எனவும், பருவ ஆலைக்குப் பதினொரு மணி, 60 மணி எனவும் வகுத்தது. இவ்வேற்றுமை 1948-இல்தான் நீங்கிற்று.

பருவ ஆலைக்குச் சலுகை வேண்டும் என்றோர், சரக்குக் குவியும் காலத்தில் வேலை நில்லாது நடத்தல் வேண்டும் என்றனர். அதனை முற்றும் மறுத்தற்கில்லை. ஆனால் பருவம் சுருங்கப் பணிநேரம் நீளும். நீளக் கை தளரும். தளர்ந்த கை உருளைக்கும் கத்திக்கும் அருகே செல்லும். எனவே சலுகை பெற்ற ஆலையே மிகுந்த காப்பினை வேண்டி நின்றது என்பது எம் கருத்து.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பஞ்சினைத் திறந்து பிரிக்கும் எந்திரம் இயங்கும் பஞ்சழுத்து ஆலைப் பகுதியில் பெண்டிரையும் சிறாரையும் பணியமர்த்தலைத் தடுத்தது. பஞ்சு ஊட்டும் முனையினைக் கூரைவரை எழுந்த தடுப்பு பிரிக்குமாயின், அப்பக்கத்தே அவர் பணிசெய்யலாம். தளத்தின்கீழ் ஓடும் நெடுந்தண்டினைச் சுவரால் அடைத்து, கொட்டை அள்ளுதற்கான வாயிலைப் பூட்டிவைத்தல் வேண்டும் எனவும் விதிகள் எழுந்தன. குனிந்து கொட்டை அள்ளுவோரின் சேலைத் தலைப்பும் கூந்தலும் சுழலும் தண்டிற் சிக்குதல் கூடும் என்பதை நினைப்பார்க்கு, அப்பூட்டின் பொருள் விளங்கும்.

தூசியின் தீங்கு இங்ஙனம் கண்ணுக்குப் புலப்படுவதன்று. சணல், ஆளி நார் சீவுவோரின் இருமலை இத்தாலிய மருத்துவர் ரமச்சினி 1700-இலேயே குறித்தார். பருத்தித் தூசியால் வரும் பைசினோசிஸ் நோயில், ஓய்வுநாள் கழிந்து பணிக்கு மீளும் முதல்நாளில் நெஞ்சு இறுகும், பின்னாட்களில் தணியும். அதனால் தொழிலாளர் அதனை ஓய்வின் சோம்பல் எனக் கொண்டு வாளாவிருத்தலும் உண்டு.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆற்றலுடன் பத்துப் பேர், ஆற்றலின்றி இருபது பேர் என்பது 'தொழிற்சாலை' என்பதன் அளவு. 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டம் அதனை இருபது, நாற்பது என உயர்த்திற்று. முன்பு திங்களால் விலக்குண்டது அரைவை ஆலை. இவ்வளவோ தலையெண்ணிக்கையால் சிறு விசைத்தறிக் கூடங்களை விலக்கி நிறுத்துகின்றது.