மரவள்ளியில் ஒளிச்சேர்க்கைத் தொடக்கம்

நிழலில் இருந்த இலைமேல் வெயில் பட்டவுடன், ஒளியைப் பிடிக்கும் வேலை நொடிக்குள் தொடங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சர்க்கரையாக்கும் வேலையோ முழு வேகம் பிடிக்கப் பல நிமிடங்கள் ஆகும். சில வேளை அரைமணி நேரம்கூட ஆகலாம். இந்த இடைக்காலம்தான் ஒளிச்சேர்க்கைத் தொடக்கநிலை. ஆஸ்டர்ஹவுட், ஹாஸ் ஆகியோர் 1918-இலேயே இத்தாமதத்தைப் பதிவு செய்தனர்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இதற்குப் பொருத்தமான சான்று மரவள்ளி. உழவர் பேச்சில் குச்சிக்கிழங்கு. ஆத்தூர், ராசிபுரம் வட்டாரங்களிலிருந்து சேகோ ஆலைக்குப் போகும் கிழங்குக்கு மாவுச்சத்தின் 'பாயிண்ட்' பார்த்து விலை வைக்கிறார்கள். அந்த மாவின் கார்பன் முழுவதும் இலை வழியே வந்தது.

கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் வினைத்தொடர்தான் கால்வின் சுழற்சி. இரவில் அதன் முக்கிய நொதிகள் பல முடங்கிக் கிடக்கும். ஒளி பட்டதும் கிளம்பும் எலக்ட்ரான்களில் ஒரு பங்கு, ஃபெரிடாக்சின் வழியாகத் தயோரெடாக்சின் என்னும் சிறு புரதத்தை அடைகிறது. அப்புரதம் நொதிகளின் டைசல்பைடு பிணைப்புகளை அவிழ்த்து அவற்றை இயங்க வைக்கிறது. பசுங்கணிகத்தின் உட்பகுதியான ஸ்ட்ரோமா காரத்தன்மை பெறுகிறது. அங்கே மக்னீசிய அயனிகளும் கூடுகின்றன.

ஆனாலும் கார்பன் டை ஆக்சைடை ஏற்க வேண்டிய ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் அப்போது போதிய அளவு இருப்பதில்லை. சுழற்சியில் உருவாகும் மூன்று கார்பன் சர்க்கரை மூலக்கூறுகள் ஆறில் ஐந்து, இந்த ஏற்பியை மீண்டும் ஆக்கவே போய்விடும். முதல் நிமிட அளவில் மிஞ்சும் ஆறாவதில் பெரும்பகுதியும் வெளியே போகாமல், விளைந்ததை விற்காமல் விதைக்கு எடுத்துவைப்பது போல, கையிருப்பைப் பெருக்கத் திரும்புகிறது.

அடுத்த தடை, கார்பன் டை ஆக்சைடை அந்த ஏற்பியோடு இணைக்கும் நொதியான ரூபிஸ்கோ. அதன் வினைமையத்தை அடைத்திருக்கும் சர்க்கரைப் பாஸ்பேட்டுகளை ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் என்னும் நொதி அகற்ற வேண்டும். இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். சுழற்சி நிலைபெற்ற பிறகே மிகுதிச் சர்க்கரை பசுங்கணிகத்தை விட்டு வெளியேறிச் சுக்ரோஸாகிறது. ஒரு பங்கு உள்ளேயே ஸ்டார்ச்சாகத் தங்குகிறது. சுக்ரோஸ் தண்டு வழியே இறங்கி வேரில் கிழங்கு மாவாகிறது.

எல்லாவற்றிலும் மெதுவாக நகர்பவை, கார்பன் டை ஆக்சைடை உள்ளே விடும் இலைத்துளைகள். மரவள்ளியில் இதுவே பெரிய செய்தி. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க மரவள்ளி வகைகளைச் சோதித்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டனர். மாறாத ஒளியில் ஒளிச்சேர்க்கையைக் கட்டுப்படுத்தியவை ரூபிஸ்கோவும், இலையின் உள்திசுவில் கார்பன் டை ஆக்சைடு கடந்து செல்லும் வேகமும். ஒளி கூடிக் குறைந்தபோது இலைத்துளை திறக்கும் வேகமே முன்னுக்கு வந்தது.

வயலில் ஒளி ஒருபோதும் நிலையாக இருப்பதில்லை. மேகம் கடக்கிறது, காற்றில் மேலிலை அசைகிறது, கீழிலைக்கு வெயில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. நிழல் குறுகியதாக இருந்தால் நொதிகள் இயங்குநிலையிலேயே இருக்கும்; அடுத்த வெயிலில் இலை விரைவாக எழும். நிழல் நீண்டால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மரவள்ளிக்கு இன்னொரு இயல்பும் உண்டு: காற்று வறண்டால் அதன் இலைத்துளைகள் சட்டென்று சுருங்கும். மானாவாரி நிலத்தில் பயிர் பிழைத்து நிற்க இக்குணம் பெரிதும் உதவுகிறது. ஆகவே துளைகள் எப்போதும் அகலத் திறந்திருக்கும் வகையைத் தேடுவது இங்கே தவறாகவே முடியும். வெயில் வந்தால் விரைந்து திறந்து, போனால் விரைந்து மூடும் வகையே தேவை.

சேலம் மாவட்டத்தின் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தகைய வகைத் தேர்வுக்கு அது உகந்த இடம். இலையைக் கவ்விக் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவியில், அளவு நிலைபெறும் வரை காத்திருந்து குறிப்பதே பொதுவான வழக்கம். நிலைபெறுவதற்கு முந்தைய நிமிடங்களையும் சில நொடிகளுக்கு ஒருமுறை பதிந்தால், எந்த வகை விரைந்து எழுகிறது என்பது அதே கருவியிலேயே தெரியும்.