பழைய ஆட்டத்தைக் காப்பாற்றியவர்கள்

1994இல் வந்த டிரான்ஸ்போர்ட் டைகூன் கணினி ஆட்டத்தின் பெரும்பகுதியை கிறிஸ் சாயர் அசெம்பிளி மொழியில் எழுதினார். வேகம் கிடைத்தது, ஆனால் ஆட்டம் அன்றைய செயலியோடும் டாஸ் இயங்குதளத்தோடும் பிணைந்துபோனது. பின்னாளில் 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களைக் கைவிட்டதும், அக்காலக் குறுந்தகடுகள் பலவற்றில் இன்ஸ்டாலரே திறக்கவில்லை. 1999இன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விண்டோஸ் 7இல் ஓடியது. ஆனால் 256 நிறக் கணக்கு குழம்பி, புல்தரை ஊதாவாகத் தெரிந்தது. இதைத் தவிர்க்க டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டுத்தான் பலர் ஆடினார்கள். ஆட்டத்தின் கோப்பில் ஒரு பைட்டும் மாறவில்லை. சுற்றியிருந்த ஏற்பாடுதான் மாறிப்போனது.

இதைச் சரிசெய்தவர்கள் பெரும்பாலும் ரசிகர்களே. நிறுவனங்கள் புதுப்பித்து விற்கவில்லையா என்று கேட்கலாம். விற்றன, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கூட 2013இல் எச்டி பதிப்பாக வந்தது. அந்த யோகம் விலைபோகும் பெயர்களுக்கு மட்டுமே. டாஸ்பாக்ஸ் போதாதா என்பாரும் உண்டு. 2002 முதல் கிடைக்கும் அந்த எமுலேட்டர் ஆட்டத்தை அப்படியே ஓட்டித்தரும், வளர்க்காது. வளர்க்கவும் வழி கண்டவர் நிரலாளர் லுட்விக் ஸ்ட்ரிகியஸ். அவர் டிரான்ஸ்போர்ட் டைகூனின் மேம்பட்ட பதிப்பான டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸின் நிரலைப் பிரித்துப் படித்து, சி மொழியில் திரும்ப எழுதி, 2004இல் ஓப்பன்டிடிடி என்று வெளியிட்டார். காப்புரிமை இடிக்காதா? இடிக்கும்தான், மூல ஆட்டத்தின் படக்கோப்புகளும் முதலில் தேவைப்பட்டன. ரசிகர்கள் புதிதாகவே படங்களை வரைந்தார்கள். 2010இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து பழைய குறுந்தகடு இல்லாமலே ஆடலாம்.