பல்லேகமவிற் கேட்ட ஒலி

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் புறத்தே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த பள்ளத்தாக்கு பல்லேகம. 2018ஆம் ஆண்டு களு கங்கை நீர்த்தேக்கம் நிரப்பப்பட்டபோது அங்கிருந்த பழைய கடைவீதியும் வயல்களும் நீருக்குள் மறைந்தன. மக்கள் மேட்டு நிலத்துப் புதிய நகருக்குப் பெயர்ந்தனர். அதற்கு முந்திய ஒரு பள்ளி விடுமுறையில், மாணவர் இருவருடன் அப்பள்ளத்தாக்கில் ஓரிரவைக் கழித்தேன். ஒரு மீற்றர் பக்கமுள்ள மரச்சட்டத்தில் செப்புக் கம்பியைச் சுற்றிச் செய்த சுருள் ஒன்று, சிறிய ஒலிபெருக்கிச் சுற்று ஒன்று, பழைய கணினி ஒன்று. எங்கள் ஆய்வுகூடம் இவ்வளவே.

மின்கம்பிகளுக்கு எட்ட இருந்த வயல் வரப்பொன்றில் சுருளை நிறுத்தினோம். செவிக்கருவியில் முதலில் வந்தது, வினாடிக்கு 50 முறை அதிரும் மின்சாரத்தின் உறுமல். நாகரிகத்தின் மூச்சு என்று அதைச் சொல்லலாம். அதற்கு மேலே, நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் விழும் இடிமின்னல்களின் சடசடப்பு. நள்ளிரவு நெருங்க, அச்சடசடப்புகளிற் சில, பறவைக் குஞ்சின் கீச்சொலி போல் வளைந்து முடியத் தொடங்கின. பூமிக்கும் மேலே உள்ள மின்னேற்ற மண்டலத்துக்கும் இடையே, இரண்டு சுவர்களுக்கு நடுவே எறிந்த பந்து போல் மோதி மோதி வரும் மின்னல் அலையே அவ்வாறு ஒலிக்கிறது.

இவையெல்லாம் இயற்கையின் ஒலிகள். ஆனால் கணினித் திரையில், 18.2 கிலோஹேர்ட்ஸ் என்ற இடத்தில், இடைவிடாத கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மின்னலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. மாணவரில் இளையவன் அதைச் சுட்டிக் காட்டிக் கேட்டான்: “சேர், இதை அனுப்புவது யார்? யாருக்கு அனுப்புகிறார்கள்?”

இரண்டு கேள்விகளும் எளியவை. ஆனால் இவற்றுக்கு விடை தேடப் புகுந்தால், சென்ற நூற்றாண்டின் யுத்த வரலாற்றிற் பாதியைத் தாண்டி வரவேண்டியிருக்கிறது.

முதற் கேள்விக்கு விடை காணுவது கடினமன்று. சுருளை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால், ஒரு நிலையில் கோடு மங்கி மறையும். அப்போது சுருளின் தட்டை முகம் நிலையத்தை நோக்கியிருக்கிறது என்பது பொருள். பல்லேகமவில் அத்திசை மேற்கிலிருந்து சற்றே வடக்காக அமைந்தது. ஆனால் ஒரு திசை ஒரு கோட்டைத்தான் தரும், இடத்தைத் தராது. அடுத்த விடுமுறையில் மன்னார்க் கரையில் அதே சுருளைத் திருப்பினோம். அங்கே திசை மேற்கிலிருந்து சற்றே தெற்காக விழுந்தது. இரண்டு கோடுகளையும் தேசப்படத்தில் நீட்டியபோது, அவை திருநெல்வேலிச் சீமையில், நாங்குநேரிக்கு அருகே சந்தித்தன.

அங்கே இருப்பது விஜயநாராயணம். 1990ஆம் ஆண்டு முதல் இந்தியக் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். கட்டபொம்மன்’ நிலையம் அங்கு இயங்குகிறது. வெள்ளையரால் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரரின் பெயரைத் தாங்கிய அந்நிலையத்தின் நடுக்கோபுரம் 471 மீற்றர் உயரமுடையது. பல்லேகமவிலிருந்து சுமார் 350 கிலோமீற்றர் தூரம். யார் அனுப்புகிறார் என்பது இவ்வாறு தெரிந்தது. இதில் களவு எதுவுமில்லை. செய்தியின் உட்பொருள் மறைமொழியிற் பூட்டப்பட்டது. அதை நாம் அறியோம், அறியவும் முயலவில்லை. ஆனால் ஓர் அலை உண்டு என்பதையும், அது எங்கிருந்து புறப்படுகிறது என்பதையும் எந்த அரசாலும் மறைத்துவிட முடியாது. வானம் எல்லோர்க்கும் பொது.

இரண்டாவது கேள்விக்கு விடை கடலுக்கு அடியில் இருக்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆதலால் வானொலி அலையை அது விழுங்கிவிடும். நாம் செய்தியும் பாட்டும் கேட்கும் சிற்றலை, கடலில் ஒரு சாண் ஆழத்துக்குள் அழிந்துபோகும். அதிர்வெண் தாழத் தாழ, அலை ஆழமாக இறங்கும். விஜயநாராயணத்தின் அலை சுமார் இரண்டு மீற்றருக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்காகத் தேயும். எனவே மேற்பரப்பை அண்மி வரும் நீர்மூழ்கிக் கப்பலையே அது எட்டும். வினாடிக்கு 76 முறை மட்டும் அதிரும் அலையோ, அவ்வாறு தேய்வதற்கு ஏறக்குறைய 29 மீற்றர் கொள்ளும். இந்தப் பின்னதையே அதிதாழ் அதிர்வெண் என்கிறோம். அதன் அலைநீளம் ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். கன்னியாகுமரியிலிருந்து இமயத்தைக் கடந்தும் நீளும் ஒரே அலை.

இவ்வலையைப் போருக்குப் பயன்படுத்தலாம் என 1958இல் முன்மொழிந்தவர் நிக்கலஸ் கிறிஸ்தோபிலோஸ். அதென்ஸ் நகரில் மின்தூக்கிகள் பொருத்தும் தொழிலில் இருந்துகொண்டு, தாமே பௌதிகம் கற்றவர் அவர். பட்டம் பெற்ற பண்டிதர்கள் முதலில் அவரது கடிதங்களைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் அமெரிக்காவின் ஆயுத ஆய்வுகூடம் ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. தொழிற்கூடத்தில் தன் முயற்சியால் மலர்ந்த அறிவு, இறுதியில் அணுவாயுதத்தின் பணியாளாக அமர்ந்த சோகம் இது.

1968இல் அமெரிக்கக் கடற்படை வகுத்த திட்டத்தின் முதல் வடிவத்தைக் கேட்டால் வியப்பு மேலிடும். விஸ்கொன்சின் மாநிலத்தின் ஐந்தில் இரண்டு பங்கு நிலத்தின் கீழ், சுமார் 6,000 மைல் நீளத்துக்குக் கம்பி புதைக்க எண்ணினார்கள். அணுவாயுதப் போர் மூண்ட பின்னரும் ஆழ்கடற் கப்பல்களுக்குக் கட்டளை செல்லவேண்டும் என்பதே நோக்கம். அந்நிலத்து மக்கள் இதை ஏற்கவில்லை. தம் வேலிக் கம்பியிலும் தொலைபேசிக் கம்பியிலும் மின்சாரம் பாயுமா, தம் கால்நடைகளுக்கு என்ன நேரும் என்று விவசாயிகள் கேட்டார்கள். செனட்டர் கேலோர்ட் நெல்சன் எதிர்ப்பில் இணைந்தார். திட்டம் சுருங்கிச் சுருங்கி, கிளாம் லேக் என்னுமிடத்தில் 45 கிலோமீற்றர், மிச்சிகனில் 90 கிலோமீற்றர் என நின்று, 1989இல் முழு இயக்கத்துக்கு வந்தது. பின்னரும் கம்பங்களை அறுத்துச் சிறை சென்ற சமாதான ஊழியர்கள் உண்டு. 2004 செப்டெம்பர் 30இல் அது நிறுத்தப்பட்டது.

எதிர்த் தரப்பும் சும்மா இருக்கவில்லை. சோவியத் நாடு கோலாத் தீபகற்பத்தில், 82 ஹேர்ட்ஸில் இயங்கும் நிலையம் ஒன்றை அமைத்தது. அது பற்றி அறிவிப்பெதுவும் வெளிவரவில்லை. 1990களில், இயற்கை வானொலி இரைச்சலை ஆராய்வதற்காக ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் உலகின் பல மூலைகளில் நிறுவியிருந்த கருவிகளில் அது பதிவாயிற்று. பின்னர் ஐரோப்பாவின் அமெச்சூர் வானொலியாளர்கள், வீட்டுத் தோட்டத்திற் சுற்றிய சுருள்களைக் கொண்டே அக்கோட்டைக் கண்டார்கள். மின்சாரத்தின் 50க்கும் அதன் இரட்டிப்பான 100க்கும் இடையே, மெலிந்த நூல்போல் அது தெரிந்தது. இரண்டு வல்லரசுகள் கோடி கோடியாகச் செலவிட்டுக் காத்த மர்மம், செப்புக் கம்பிச் சுருளொன்றின் முன் வெளியாயிற்று.

மர்ம ஒலியைப் பின்தொடர்ந்தவர்கள் எப்போதும் யுத்தத்தையே கண்டார்கள் என்று நினைத்துவிடலாகாது. முதலாம் உலக யுத்தத்தில், எதிரியின் களத் தொலைபேசியை ஒட்டுக்கேட்க முயன்ற ஜெர்மானியர் பார்க்கௌசனின் கருவியில் விசிலடிப்பது போன்ற ஒலிகள் விழுந்தன. எறிகுண்டுகள் பறக்கின்றன என்று படைவீரர் சொல்லிக்கொண்டார்கள். 1953இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டோரி என்னும் இளைஞர் அதன் உண்மையை விளக்கினார். பூமியின் காந்தக் கோட்டைப் பற்றிக்கொண்டு பல ஆயிரம் மைல் விண்வெளிக்குச் சென்று மறு அரைக்கோளத்தில் இறங்கும் மின்னல் அலையே அது. எறிகுண்டு எனக் கருதியது விண்வெளியின் செய்தியாக முடிந்தது. காந்த மத்தியரேகை நம் தலைக்கு அருகே செல்வதால், அக்கோடுகள் இங்கே உயர எழுவதில்லை. எனவே பல்லேகமவில் அந்த விசிலொலியை எதிர்பார்க்க முடியாது. நமக்கு வாய்த்தது கீச்சொலிதான்.

நம் நாட்டு வானொலியின் பிறப்பை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். 1923இல் கொழும்பில் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர் முதற் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தியபோது, கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களையே பயன்படுத்தினார். கிராமபோன் இசைத்தட்டின் பாட்டு அதில் ஒலித்தது. 1925 டிசெம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. கப்பல்களை மூழ்கடிக்கக் கட்டளை கேட்ட கருவி, மக்களுக்குப் பாட்டுப் பாடியது. கருவிக்குக் குணமில்லை; அதைக் கைக்கொள்ளும் சமுதாயத்தின் குணமே அதன் குணம்.

அக்கரையிலும் வானொலி அமெச்சூர்களின் கையிலேதான் பிறந்தது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் சென்னையில் அமைத்த வானொலி மன்றம், அரசு ஒலிபரப்புக்கு முன்பே பாட்டும் சொற்பொழிவும் அனுப்பியது. பணமின்மையால் 1927இல் அது ஓய்ந்தது. 1939இல் யுத்தம் வந்ததும், பிரிட்டிஷ் அரசு அமெச்சூர்களின் அனுமதிப் பத்திரங்களைப் பறித்தது. ஆனால் 1942 ஆகஸ்டில் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் தலைமறைவுக் காங்கிரஸ் வானொலியை நடத்தியபோது, அத்தொழில்நுட்ப அறிவு விடுதலைப் போருக்குக் கைகொடுத்தது. அலையைப் பின்தொடர்ந்து தேடிய போலீசார் நவம்பரில் அவர்களைப் பிடித்தார்கள். திசை காணும் கலை, மக்களுக்கு எதிராகவும் திரும்பும் என்பதற்கு இதுவே சான்று.

இலங்கைக்கு இவ்விஷயம் வெறும் பொழுதுபோக்கன்று. 1983இல் ‘அமெரிக்காவின் குரல்’ வானொலி இங்கே பெரிய நிலையம் அமைக்க இணக்கம் ஏற்பட்டது. அதற்குள் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடு மறைந்திருக்குமோ என இந்தியாவில் அச்சம் பரவியது. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனவும் பரிமாறிய கடிதங்களில், அந்நிய ஒலிபரப்பு நிலையங்கள் பொது ஒலிபரப்புக்கன்றி இராணுவ, உளவு நோக்கங்களுக்குப் பயன்படாதிருக்க இலங்கை அவ்வொப்பந்தங்களை மறுபரிசீலனை செய்யும் என்ற வாசகம் இடம்பெற்றது. சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலவில் பின்னர் அந்நிலையம் எழுந்தது. இன்று அது இயங்கவில்லை. அத்தனை ஆண்டுகள் வதந்தி ஒரு புறமும் அரசுகளின் மறுப்பு ஒரு புறமுமாக நின்றன. சிற்றலை கடலுக்குள் இறங்காது என்னும் பாடமும், வேறு அலை ஏதும் அங்கிருந்து புறப்படுகிறதா எனச் சோதிக்கும் சுருளும் பள்ளிக்கூடங்களில் இருந்திருக்குமாயின், மக்கள் இரு தரப்பாரையும் நம்பியிருக்க வேண்டியதில்லை, தாமே அறிந்திருக்கலாம்.

அறிவு இல்லாத இடத்தில் மர்மம் குடியேறும். மர்மம் இருக்கும் இடத்தில் மூடநம்பிக்கை வளரும். 1976 முதல் உலகச் சிற்றலைகளில் வினாடிக்குப் பத்து முறை ‘டக் டக்’ என ஒலித்த சோவியத் சமிக்ஞையை மனத்தை மயக்கும் ஆயுதம் என்று மேற்கே பலர் நம்பினர். பல நாட்டு அமெச்சூர்கள் திசைகளை ஒப்பிட்டு, அது உக்ரேனிலிருந்து வருவதைக் கண்டனர். அது ஏவுகணைகளைத் தொலைவிலிருந்து காணும் ராடார். பயப்படுவதற்கு அதிலும் காரணம் உண்டு. ஆனால் அது உண்மையான காரணம்.

இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. 2024 ஒக்டோபர் 15இல் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்துத் தாமகுண்டம் வனத்தில், இந்தியக் கடற்படையின் இரண்டாவது மிகத்தாழ் அதிர்வெண் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மரங்கள் வீழும், நீரூற்றுகள் வற்றும் என்று உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள். விஸ்கொன்சின் விவசாயி கேட்ட கேள்வியைத் தக்காணத்து விவசாயி கேட்கிறான்.

அதே கடலோரத்தில் வேறொரு காட்சியும் உண்டு. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்தமானில் அமெச்சூர் நிலையம் ஒன்றை இயக்க வந்திருந்த பாரதி பிரசாத், தொடர்பற்றுப் போன தீவுகளின் குரலாக நின்றார். இலங்கையின் தென்கரையிலும் அமெச்சூர்கள் செய்திகளை அனுப்பினர். இவர்கள் எவருடைய கூலியாட்களுமல்லர். ஒரு கம்பியும் கற்ற கல்வியும் அவர்களிடம் இருந்தன.

பல்லேகம மாணவனின் கேள்விக்குத் திரும்புவோம். “யாருக்கு?” ஆழத்தில், வெளிச்சம் புகாத உருக்குக் கூட்டுக்குள் இருக்கும் மாலுமிகளுக்கு. அவர்களும் ஏதோவொரு கிராமத்தின் பிள்ளைகள். அவர்கள் கேட்கலாம், பதில் சொல்ல இயலாது. அவ்வளவு பெரிய அலையை அனுப்பும் கோபுரத்தைக் கப்பலில் ஏற்ற முடியாதன்றோ? அணுவாயுதம் தாங்கிய கப்பல்கள் இந்து சமுத்திரத்தில் உலவும் இக்காலத்தில், அக்கோடு இடையறாது ஓடிக்கொண்டிருப்பதற்கு ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் அதன் வழியே வரக்கூடிய கட்டளை, மேலே வலைவீசும் மீனவனைக் கேட்டு வருவதில்லை.

இதை அவனிடம் சொன்னபோது சிறிது நேரம் மௌனமாயிருந்தான். பின்பு, “அப்படியென்றால், சேர், நாமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்” என்றான்.

அந்த வயல் இன்று நீருக்கு அடியில் இருக்கிறது. சுருள் எங்கள் பள்ளி ஆய்வுகூடத்தில் இருக்கிறது. அதைச் செய்யத் தேவைப்பட்டவை சில நூறு மீற்றர் கம்பி, நான்கு மரச்சட்டங்கள், ஒரு வார மாலை நேரங்கள். இதை வாசிக்கும் ஆசிரிய நண்பர்கள் தத்தம் ஊரிலும் ஒன்று செய்து பார்க்கலாம்.