சந்திரகிரி ராஜமகாலும் கணிப்பொறியும்

திருமலை சென்று மீளும் நம்மவர், அருகிலுள்ள சந்திரகிரியில் சற்றே இறங்கி ராஜமகாலைக் காணல் வேண்டும். 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற விசயநகர அரசு, பின்னாளில் தலைநகராகக் கொண்ட ஊர் இது. மூன்றடுக்கு மாளிகையாயினும் கட்டுமானத்தில் மரம் இல்லை. கல்லும் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் வளைவுகளாய் நின்று பளுவைத் தாங்குகின்றன.

இத்தகைய கட்டடத்தின் வலிமையைக் கணிக்க இன்று உதவுவது, வடிவத்தைச் சிறு கூறுகளாகப் பகுத்து ஆராயும் முறை. 1960இல் அமெரிக்கப் பேராசிரியர் கிளஃப் அதற்குப் பெயரிட்டார். ஆயினும், பிறர் கணிப்பொறியில் வரைந்த வடிவத்தை அப்படியே கணக்கிற்கு எடுத்தல் ஆகாது. வரைபவர் தோற்றத்தை வரைகிறார். கணிப்பவருக்கோ பளு இறங்கும் வழியே வேண்டும். சுதைப் பூவேலையை வடிவத்திலிருந்து நீக்க நெஞ்சு ஒவ்வாதுதான். நீக்காவிடிலோ கூறுகள் அளவின்றிப் பெருகும். வளைவின் தடிப்பில் மட்டும் கை வைத்தல் கூடாது.

எல்லாவற்றினும் இடர் தருவது இடைவெளி. இரு பரப்புகள் மயிரிழையளவு விலகியிருப்பினும், கணிப்பொறி அவற்றை ஒட்டாத சுவர்களாகவே கொள்ளும். அதனை மூடல் வேண்டும். ஆனால் மெய்யான வெடிப்பை வரைபடப் பிழையென எண்ணி மூடிவிட்டாலோ, நலிந்த சுவர் உறுதியானதாகத் தோன்றும், செப்பனிடுவோரும் வாரார். நேரிற் சென்று சுவரைப் பார்த்த பின்னரே இடைவெளியை மூடுதல் தகும்.